ஆய்வகக் குடுவையில் மறையும் ஹார்மோன் கழிவுநீரில் மறையவில்லை: லாக்கேஸ் நொதி உண்மையில் பயன்படுமா?

நிலவன் (கேள்வி)

வணக்கம். சுற்றுச்சூழல் பொறியியலில் முதுநிலை படிக்கிறேன். கருத்தடை மாத்திரைகளில் உள்ள எத்தினைல் எஸ்ட்ரடையால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் சுத்திகரிப்பு நிலையத்தையும் தாண்டி ஆற்றுக்குப் போய்ச் சேருகிறது. அதை நொதி கொண்டு நீக்க முடியுமா என்பதே என் ஆய்வேடு. டிராமெட்டஸ் வெர்சிகலர் என்ற வெண்அழுகல் பூஞ்சையிலிருந்து பிரித்த லாக்கேஸ் பொடியை விலைக்கு வாங்கிப் பயன்படுத்துகிறேன்.

முதல் சோதனை பஃபரில், அதாவது பி.எச். மாறாமல் காக்கும் கரைசலில், நடந்தது. சிட்ரேட்-பாஸ்பேட், பி.எச். 5, லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஹார்மோன், மில்லிலிட்டருக்கு 1 யூனிட் நொதி. ஒரு மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் மறைந்துவிட்டது. குடுவையில் முதலில் இளமஞ்சள் தட்டியது. பிறகு அடியில் தவிட்டு நிறத்தில் மெல்லிய படிவு சேர்ந்தது. அதைப் பார்த்தபோது ஆய்வேடு பாதி முடிந்துவிட்டது என்றே தோன்றியது.

அதே அளவு நொதியை, ஒரு நகராட்சி நிலையத்தின் இரண்டாம் நிலைத் தெளிவுத் தொட்டியிலிருந்து எடுத்து வந்த நீரில் போட்டேன். அந்த நீரின் பி.எச். 7.6. அதே 5 மில்லிகிராம் ஹார்மோனைக் கலந்துதான் வைத்தேன். மூன்றில் ஒரு பங்குகூட நீங்கவில்லை. படிவும் இல்லை.

என் வழிகாட்டி, ‘மீடியேட்டர் ஒன்றைச் சேர்த்துப் பார், எச்.பி.டி. போடு’ என்கிறார் (நொதிக்கும் மாசுக்கும் இடையே எலக்ட்ரானைக் கடத்தும் சிறு மூலக்கூறுதான் மீடியேட்டர்; எச்.பி.டி. அதில் ஒன்று). உடன் படிக்கும் நண்பர், லாக்கேஸை விட்டுவிட்டு ஹார்ஸ்ராடிஷ் பெராக்சிடேஸ் என்ற வேறொரு நொதிக்கு மாறிவிடச் சொல்கிறார். எதைச் செய்வது? இந்த வழி என்றாவது ஒரு நிலையத்தில் நடைமுறைக்கு வருமா, இல்லை கட்டுரைகளோடு நின்றுவிடுமா? தெரிந்தவர்கள் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

பூஞ்சைவனம் (பதில்)

நிலவன், உங்கள் கேள்வியைப் படித்ததும் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன். பல ஆண்டுகளாக லாக்கேஸோடுதான் என் வேலை. இந்த நொதியின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. 1883-இல் யோஷிதா என்ற ஜப்பானிய வேதியியலாளர் லாக்கர் மரத்தின் பாலில் இதைக் கண்டறிந்தார். நொதிகளிலேயே மிகப் பழைய அறிமுகங்களில் ஒன்று. நான்கு செம்பு அணுக்களை வைத்துக்கொண்டு, ஃபீனால் போன்ற பொருள்களிலிருந்து ஒவ்வொரு எலக்ட்ரானாக நான்கைப் பறித்து, ஆக்சிஜனை நேரடியாக நீராக மாற்றுகிறது. வேறு எந்த வேதிப்பொருளையும் கேட்பதில்லை, காற்று போதும். அதனால்தான் கழிவுநீர்க்காரர்கள் இதைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

உங்கள் குடுவையில் நடந்தது இதுதான். எத்தினைல் எஸ்ட்ரடையாலின் ஒரு முனையில் ஃபீனால் வளையம் இருக்கிறது. லாக்கேஸ் அதிலிருந்து ஓர் எலக்ட்ரானை எடுக்கிறது. மூலக்கூறு தனி எலக்ட்ரான் கொண்ட ராடிக்கல் ஆகிறது. அப்படி இரண்டு ராடிக்கல்கள் சந்தித்தால் இணைந்துகொள்கின்றன. இணைந்தவை மேலும் இணைந்து நீரில் கரையாத அளவுக்குப் பெரிதாகின்றன. நீங்கள் பார்த்த தவிட்டு நிறப் படிவு அதுதான். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இந்த மூலக்கூறைப் பிடித்துக்கொள்வதற்கு அந்த ஃபீனால் வளையம் தேவை. வளையம் உருமாறினால் பெரும்பாலும் ஹார்மோன் செயல்பாடும் போய்விடும். நொதி தாக்குகிற இடமும் ஹார்மோனின் உயிர்நாடியும் ஒரே இடமாக அமைந்தது நமக்குப் பெரிய வாய்ப்பு.

இப்போது கழிவுநீருக்கு வருவோம். உங்கள் இரண்டு சோதனைகளுக்கும் இடையே பல விஷயங்கள் ஒரே நேரத்தில் மாறியிருக்கின்றன. பி.எச். மாறியது, உப்பு மாறியது, கரிமப் பொருள்கள் வந்தன. எது குற்றவாளி என்று இந்த நிலையில் யாராலும் சொல்ல முடியாது. எனவே இடையில் இரண்டு குடுவைகளைச் சேருங்கள். ஒன்று, கழிவுநீர் எதுவும் இல்லாத, பி.எச். 7.6-இல் இருக்கும் பஃபர். மற்றொன்று, அமிலம் சேர்த்து பி.எச். 5-க்கு இறக்கிய அதே கழிவுநீர். முதலாவதிலேயே நொதி சுணங்கினால் காரணம் பி.எச். இரண்டாவதிலும் சுணங்கினால் நீரில் இருக்கும் வேறு ஏதோ ஒன்று.

என் ஊகம், இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம். பி.எச். ஏறும்போது ஃபீனாலிலிருந்து எலக்ட்ரான் எடுப்பது எளிதாகிறது. ஆனால் அதே நேரத்தில் ஹைட்ராக்சைடு அயனிகள், ஆக்சிஜன் வந்து அமரும் செம்புத் தொகுதியில் போய் ஒட்டிக்கொண்டு நொதியை முடக்குகின்றன. பூஞ்சை லாக்கேஸ்கள் பெரும்பாலும் அமிலப் பக்கத்தில்தான் சுறுசுறுப்பு. குளோரைடும் நொதியைத் தடுக்கும்; கழிவுநீரில் அது எப்போதும் உண்டு. மைசெலியோஃப்தோரா தெர்மோஃபிலாவின் லாக்கேஸ் நடுநிலைக்கு அருகிலும் வேலை செய்யும். ஆனால் அதன் ஆக்சிஜனேற்ற வலிமை டிராமெட்டஸ் நொதியைவிடக் குறைவு. ஒன்றைப் பெற்றால் ஒன்றை இழக்கிறோம்.

போத்தலில் எழுதியிருக்கும் யூனிட்டையும் அப்படியே நம்ப வேண்டாம். அது எந்தப் பொருளை வைத்து, எந்தப் பி.எச்.-இல் அளந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் ஏ.பி.டி.எஸ். என்ற சோதனைப் பொருளைப் போல எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் பொருளை அமிலச் சூழலில் வைத்து அளந்திருப்பார்கள். அங்கே 1 யூனிட் என்பது உங்கள் பி.எச். 7.6 நீரில் வெகு குறைவாக இருக்கக்கூடும். இன்னொரு எளிய சோதனை: ஒரு மணி நேரம் கழிவுநீரில் கிடந்த நொதியிலிருந்து சிறிது எடுத்து, ஏ.பி.டி.எஸ். உள்ள அமில பஃபரில் நன்றாக நீர்த்து அளந்து பாருங்கள். பழைய வேகம் திரும்பி வந்தால் நொதி உயிரோடுதான் இருந்திருக்கிறது, எதுவோ தடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. வரவில்லை என்றால் நொதியே சிதைந்துவிட்டது. இரண்டுக்கும் மருந்து வெவ்வேறு.

அடுத்ததுதான் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. நீங்கள் லிட்டருக்கு 5 மில்லிகிராமில் வேலை செய்கிறீர்கள். அது இந்த ஹார்மோனின் கரைதிறன் எல்லையை நெருங்கும் அளவு. சுத்திகரிப்பு நிலையத்தின் வெளிநீரில் இது இருப்பது லிட்டருக்கு ஒரு நானோகிராம் பக்கம்தான். வித்தியாசம் 50 லட்சம் மடங்கு. மோல் கணக்கில் பாருங்கள்: 5 மில்லிகிராம் என்றால் ஏறக்குறைய 17 மைக்ரோமோலார். 1 நானோகிராம் என்றால் 3.4 பிகோமோலார். அந்தச் செறிவில் இரண்டு எத்தினைல் எஸ்ட்ரடையால் ராடிக்கல்கள் ஒன்றையொன்று சந்திப்பதே அரிது. அவை போய் ஒட்டிக்கொள்வது நீரில் இருக்கும் ஹியூமிக் பொருள்களில் (மட்கிய தாவரங்களிலிருந்து வரும் கரிமப் பொருள்கள்) உள்ள ஃபீனால்களோடு. அந்த ஃபீனால்கள்தான் நொதியின் நேரத்தையும் தின்றுகொண்டிருக்கும். சில வேளைகளில் ராடிக்கல் தன் எலக்ட்ரானைத் திரும்பப் பெற்று மறுபடி பழைய ஹார்மோனாகவே ஆகிவிடும். ஆகவே மில்லிகிராம் செறிவில் கிடைக்கும் படிவை வைத்து, நானோகிராம் செறிவில் என்ன நடக்கும் என்று எழுதிவிடாதீர்கள். தேர்வாளர்கள் விட்டாலும் ஆறு விடாது.

எச்.பி.டி. பற்றி: இந்த ஹார்மோனுக்கு அது தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. ஃபீனால் இல்லாத, நொதி நேரடியாகத் தொட முடியாத பொருள்களுக்குத்தான் மீடியேட்டர். எச்.பி.டி.-யின் ராடிக்கல் நொதியையே சேதப்படுத்தும். மீடியேட்டர் சேர்த்தபின் நீரின் நச்சுத்தன்மை கூடியதும் ஒளிரும் பாக்டீரியா சோதனைகளில் பதிவாகியிருக்கிறது. ஒரு மாசை எடுக்க இன்னொன்றைக் கலப்பதற்கு நான் ஒப்ப மாட்டேன். வழிகாட்டியிடம் பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்.

பெராக்சிடேஸுக்கு மாறலாம், தவறில்லை. 1980-களின் தொடக்கத்திலேயே கிளிபனோவ் குழுவினர் ஹார்ஸ்ராடிஷ் பெராக்சிடேஸை வைத்துத் தொழிற்சாலைக் கழிவுநீரிலிருந்து ஃபீனால்களைப் படியவைத்துக் காட்டினார்கள். நடுநிலை பி.எச்.-இல் அது நன்றாக ஓடும். ஆனால் ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும். குறைந்தால் வேலை நிற்கும், கூடினால் பெராக்சைடே நொதியைக் கொன்றுவிடும். சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அதோடு, தூய நீரில் போதுமான நொதி அளவுக்கும் நகராட்சிக் கழிவுநீரில் தேவைப்பட்ட அளவுக்கும் இடையே நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம் கண்ட ஆய்வு இருக்கிறது. லாக்கேஸ் கொடுத்த தலைவலி அங்கேயும் காத்திருக்கும்.

காற்றூட்டுத்தொட்டி (பதில்)

நான் ஆய்வாளன் இல்லை. ஒரு நகராட்சிக் கழிவுநீர் நிலையத்தில் இயக்கப் பொறுப்பில் இருக்கிறேன். நடைமுறைக்கு வருமா என்று தம்பி கேட்டதால் எழுதுகிறேன்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கன மீட்டர் என்பது 10 லட்சம் மில்லிலிட்டர். மில்லிலிட்டருக்கு 1 யூனிட் என்றால் ஒரு கன மீட்டருக்கு 10 லட்சம் யூனிட். நாளொன்றுக்கு 10,000 கன மீட்டர் வருகிற நிலையம் பெரிய நிலையம் இல்லை. அதற்கே 1,000 கோடி யூனிட் வேண்டும். கிராமுக்கு 1,000 யூனிட் உள்ள பொடி என்று வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 10 டன். பத்து டன் பொடியைத் தினமும் இறக்கி, கரைத்து, ஊற்ற வேண்டும். அதன் பெரும்பகுதி புரதமும், கெடாமல் இருக்கச் சேர்த்த சர்க்கரையும் உப்பும். நான் நாள் முழுவதும் காற்றூட்டிக் குறைத்த பி.ஓ.டி.-யையும் (ஆக்சிஜனைத் தின்னும் கரிமச் சுமை) நைட்ரஜனையும் வெளிவாயிலில் திரும்ப ஊற்றியது போலாகும். எத்தனை அழகான வேதியியலாக இருந்தாலும் இந்தக் கணக்கைத் தாண்டாமல் நிலையத்துக்குள் நுழைய முடியாது.

உள்வாயிலில் ஊற்றலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். கசட்டில் இருக்கும் பாக்டீரியாக்களுக்கு நொதியும் ஓர் உணவுதான். அவற்றின் புரதம் சிதைக்கும் நொதிகள் உங்கள் லாக்கேஸைச் செரித்துவிடும். ‘எல்லாக் கழிவையும் தின்னும் நொதி’ என்று பீப்பாய்களோடு வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எந்த நொதி, எந்தப் பொருளின் மேல், எந்தப் பி.எச்.-இல் என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருக்காது. தம்பி அந்த வகை இல்லை என்பது கேள்வியிலேயே தெரிகிறது.

இன்னொன்றும் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும். உடலிலிருந்து ஈஸ்ட்ரோஜன்கள் தனியாக வெளியேறுவதில்லை. கல்லீரல் அவற்றோடு குளுக்குரோனைடையோ சல்பேட்டையோ இணைத்துத்தான் சிறுநீரில் அனுப்புகிறது. குழாயில் வரும் வழியிலேயே குடல் பாக்டீரியாவின் பீட்டா-குளுக்குரோனிடேஸ் நொதி அந்தக் குளுக்குரோனைடைக் கழற்றிவிடுகிறது. சல்பேட் அவ்வளவு சீக்கிரம் கழலாது. இயற்கை ஈஸ்ட்ரோஜனான எஸ்ட்ரடையாலைப் பாக்டீரியாக்கள் விரைவில் எஸ்ட்ரோன் என்ற இன்னோர் ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். அதனால்தான் உள்ளே வந்ததைவிட வெளியே போகும் நீரில் எஸ்ட்ரோன் கூடுதலாகத் தெரிவதும் உண்டு. யாரோ நடுவில் ஊற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை, மூடி கழன்றதுதான் காரணம்.

எங்கள் கையில் இருக்கும் மலிவான வழி கசட்டின் வயதைக் கூட்டுவது. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் அளவுக்கு, பத்து நாள்களுக்கு மேல் கசடு தொட்டியில் தங்கினால் எஸ்ட்ரடையாலும் எஸ்ட்ரோனும் நன்றாகக் குறையும். எத்தினைல் எஸ்ட்ரடையால்தான் பிடிவாதம். அதற்கு ஐரோப்பாவில் ஓசோனும் செயலூட்டப்பட்ட கரியும் வைக்கிறார்கள். சுவிட்சர்லாந்து 2016-இலிருந்து சட்டத்தின் மூலமே இதைச் செய்துவருகிறது. 2024-இல் திருத்தப்பட்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் நகர்ப்புறக் கழிவுநீர் விதி, 1,50,000 பேருக்குச் சமமான சுமையும் அதற்கு மேலும் உள்ள நிலையங்கள் நுண்மாசுகளுக்காக நான்காம் நிலைச் சுத்திகரிப்பைப் படிப்படியாக 2045-க்குள் அமைக்க வேண்டும் என்கிறது. நொதி போட்டியிட வேண்டியது ஓசோனோடு. ஓசோன் அந்த ஃபீனால் வளையத்தை நொடிகளில் உடைக்கும். நீரில் புரோமைடு இருந்தால் புரோமேட் உண்டாகும் என்பது அதன் குறை. அந்தக் குறை நொதிக்கு இல்லை. தம்பியின் வாதம் அங்கிருந்து தொடங்கலாம்.

நன்னீர்மீன் (பதில்)

மேலே இருவரும் சொன்னதோடு மீன்களின் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. எவ்வளவு நீக்கினால் போதும் என்பதை வேதியியல் சொல்லாது, மீன்தான் சொல்லும்.

கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தின் வடமேற்கில், ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிப்பகுதி ஒன்று உண்டு. அங்கே 260 என்ற எண் கொண்ட ஏரியில் 2001 முதல் 2003 வரை கோடைக் காலங்களில் எத்தினைல் எஸ்ட்ரடையாலை ஊற்றினார்கள். ஏரி நீரில் இருந்த செறிவு லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம். கேரன் கிட் தலைமையிலான குழு 2007-இல் முடிவை வெளியிட்டது. ஃபேட்ஹெட் மினோ என்ற சிறு மீனின் ஆண்கள், முட்டை மஞ்சளுக்கான வைட்டலோஜெனின் புரதத்தைச் சுரந்தன. விந்தகங்களின் வளர்ச்சி கெட்டது. அந்த இனம் ஏரியிலிருந்து ஏறக்குறைய அழிந்தேவிட்டது. ஊற்றுவதை நிறுத்திய சில ஆண்டுகளில் மீண்டும் பெருகியது என்பது ஆறுதல். ஆனால் ஒரு நகரத்தின் கழிவுநீர் ஓர் ஆற்றில் விழுவதை யாரும் மூன்று ஆண்டுகளில் நிறுத்துவதில்லை.

நீரில் வாழும் உயிர்களுக்குத் தீங்கு வராது என்று 2012-இல் ஓர் ஆய்வு கணித்த அளவுகள், எஸ்ட்ரோனுக்கு 6, எஸ்ட்ரடையாலுக்கு 2, எத்தினைல் எஸ்ட்ரடையாலுக்கு 0.1 நானோகிராம், எல்லாம் லிட்டருக்கு. எனவே 5 மில்லிகிராமில் 90 விழுக்காடு நீக்கினேன் என்று எழுதினால், எனக்குத் தோன்றும் முதல் கேள்வி, மீதி 0.5 மில்லிகிராம் இருக்கிறதே என்பதுதான். அதாவது 5 லட்சம் நானோகிராம்.

அளவுக் கருவியின் வரைபடத்தில் ஹார்மோனுக்குரிய உச்சி மறைந்தது என்பதையும் நான் ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஈஸ்ட்ரோஜன்கள் நீரை விரும்பாதவை. பிளாஸ்டிக்கிலும் வடிதாளிலும் ரப்பர் மூடியிலும் ஒட்டிக்கொள்ளும். புரதத்திலும் ஒட்டும். கொதிக்க வைத்துக் கொன்ற நொதியைப் போட்ட ஒரு குடுவை உங்கள் வரிசையில் இருக்கிறதா? அதிலும் குறைந்திருந்தால் அந்தப் பங்கை நொதியின் கணக்கில் சேர்க்கக் கூடாது. கண்ணாடிப் பாத்திரங்களையே பயன்படுத்துங்கள். கடைசியில் கண்ணாடியையும் மெத்தனாலால் கழுவி அந்தக் கழுவலையும் அளந்து பாருங்கள்.

அதன் பிறகு ஈஸ்ட் சோதனை. மனித ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைப் பொருத்திய ஈஸ்ட் செல்கள் அவை. ஹார்மோன் செயல்பாடு இருந்தால் மஞ்சளாக இருக்கும் ஊடகம் சிவப்பாக மாறும். 1996-இல் ரூட்லெட்ஜும் சம்ப்டரும் வெளியிட்ட முறை, செலவும் அதிகமில்லை. ஹார்மோன் வேறொன்றாக மாறியும் செயல்பாடு நீடிக்கிறதா என்பதை அது ஒரே பார்வையில் காட்டிவிடும்.

இன்னும் ஒரு கவலை எனக்கு உண்டு. ஹார்மோன் மாசு என்றாலே எல்லோரும் ஈஸ்ட்ரோஜனோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கருத்தடை மாத்திரைகளிலேயே லெவோநார்ஜெஸ்ட்ரல் போன்ற புரோஜெஸ்டின்களும் (புரோஜெஸ்ட்ரோன் போலச் செயல்படும் செயற்கை ஹார்மோன்கள்) இருக்கின்றன. லிட்டருக்கு ஒரு நானோகிராமுக்கும் குறைவான லெவோநார்ஜெஸ்ட்ரல், ஃபேட்ஹெட் மினோவின் முட்டையிடலைக் குறைத்ததை 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. லெவோநார்ஜெஸ்ட்ரலில் ஃபீனால் வளையம் கிடையாது. டெஸ்டோஸ்டிரோனிலும் புரோஜெஸ்ட்ரோனிலும் கிடையாது. லாக்கேஸ் அவற்றை அப்படியே கடந்து போகும். ஆய்வேட்டின் தலைப்பில் ‘ஹார்மோன்கள்’ என்று பொதுவாக எழுதாமல் ‘ஃபீனால் வளையமுள்ள ஈஸ்ட்ரோஜன்கள்’ என்று எழுதுங்கள்.

நிலவன் (மறுமொழி)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நாளுக்கு 10 டன் என்ற கணக்கை ஐயா எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் வேறெதிலும் மனம் செல்லவில்லை. கொன்ற நொதிக் குடுவை வரிசையில் இருக்கிறது, அதில் இழப்பு சிறிதளவே. கண்ணாடிக் கழுவலை இனிமேல்தான் அளக்க வேண்டும். ஈஸ்ட் சோதனைக்கு உயிர்த்தொழில்நுட்பத் துறையில் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பூஞ்சைவனம் அவர்களுக்கு இரண்டு கேள்விகள். நொதியைத் தாங்கியில் பிணைத்து மறுபடி மறுபடி பயன்படுத்தினால் ஐயாவின் கணக்கு மாறாதா? நகராட்சி வெளிநீர் சரியான இடம் இல்லை என்றால் எங்கே வைப்பது? கூடவே ஒரு சிறு ஐயம். குறித்த நேரத்தில் நொதியின் வேலையை நிறுத்த சோடியம் அசைடு போட்டு, பிறகு மாதிரியைப் பிரித்தெடுக்க அமிலம் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

பூஞ்சைவனம் (பதில்)

முதலில் அந்தச் சிறு ஐயம், ஏனென்றால் அது சிறியதில்லை. அசைடு போட்ட மாதிரியில் அமிலம் சேர்க்கவே சேர்க்காதீர்கள். ஹைட்ரசோயிக் அமிலம் ஆவியாக வெளிவரும். கடும் நஞ்சு, வெடிக்கும் தன்மையும் உண்டு. லாக்கேஸை நிறுத்த அசைடு சிறந்தது என்பது உண்மைதான், ஆனால் உங்களுக்கு அது வேண்டியதில்லை. மாதிரியில் சம அளவு குளிர்ந்த மெத்தனால் சேர்த்தாலே வேலை நின்றுவிடும், ஹார்மோனும் கரைந்தே இருக்கும். நானோகிராம் அளவுக்கு வரும்போது ஒரு லிட்டர் நீரை, ஹார்மோனைப் பிடித்துவைக்கும் திண்மநிலைப் பிரித்தெடுப்புக் குழாய் வழியாகச் செலுத்துவீர்கள். அவ்வளவு மெத்தனால் கலந்தால் ஹார்மோன் குழாயில் தங்காது. அப்போது அமிலத்தை மட்டும் சேர்த்து பி.எச்.-ஐ 2-க்கு இறக்கி நிறுத்துங்கள், அசைடு இல்லாமல்.

பிணைத்த நொதியைப் பற்றி: ஆம், கணக்கு மாறும். சிலிக்காத் துகள்களிலோ சவ்விலோ பிணைத்தால், அல்லது நொதிகளையே ஒன்றோடொன்று குறுக்கிணைத்துத் திரளாக்கினால், அதே நொதி திரும்பத் திரும்ப வேலை செய்யும். வெளிநீரில் புரதம் கலக்காது. பி.எச். மாற்றத்தையும் ஓரளவு தாங்கும். நொதியைச் சவ்வுக்குப் பின்னால் அடைத்து, நீரை மட்டும் தொடர்ந்து ஓடவிடும் உலைகளில் ஈஸ்ட்ரோஜன்களை நீக்கிக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஐயாவின் கேள்வி அப்போதும் வேறு உருவத்தில் வரும். ஒரு கிராம் பிணைத்த நொதி செயலிழப்பதற்கு முன் எத்தனை லிட்டர் உண்மையான கழிவுநீரைச் சுத்தம் செய்தது? ‘பத்துச் சுற்றுக்குப் பிறகும் 80 விழுக்காடு செயல்பாடு’ என்று பஃபரில் அளந்து எழுதுவதைவிட அந்த ஓர் எண் பெறுமதியானது. துளைகளில் ஹியூமிக் பொருள் அடைவதும், இணைந்து பெருத்த படிவு நொதியின் மேலேயே பூசிக்கொள்வதும் தூய பஃபரில் தெரியவே தெரியாது.

எங்கே வைப்பது என்ற கேள்விக்கு என் பதில், ஹார்மோன் நீர்த்துப்போவதற்கு முன். இத்தனை தாழ்ந்த செறிவில் நொதியின் வேகம், ஹார்மோன் செறிவுக்கு நேர் விகிதத்தில்தான் இருக்கும். ஒவ்வொரு லிட்டரிலும் அதே அளவு நொதி வேண்டும். அதில் ஹார்மோன் ஆயிரம் மடங்கு குறைவாக இருந்தாலும் நொதி குறையாது. ஆகவே நீரின் அளவு சிறியதாகவும் ஹார்மோன் மிகுந்தும் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். ஹார்மோன் மருந்து தயாரிக்கும் ஆலையின் கழுவுநீர் ஒன்று. கால்நடைப் பண்ணைச் சாணக்குழியின் தெளிநீர் இன்னொன்று. சினை மாடுகள் வெளியேற்றும் ஈஸ்ட்ரோஜன் மிகுதி, பெரும்பாலும் அது சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்க்காமலே வயலுக்குப் போகிறது. தனியே பிரித்துச் சேகரிக்கும் சிறுநீர் மூன்றாவது.

சிறுநீரை எடுத்தால் ஐயா சொன்ன சல்பேட் அங்கே முழு வலிமையோடு நிற்கும். எஸ்ட்ரோன்-3-சல்பேட் என்ற பெயரே சொல்கிறது: மூன்றாம் கார்பனில், அதாவது லாக்கேஸ் தேடும் அதே ஃபீனால் ஆக்சிஜனின் மேல் சல்பேட் உட்கார்ந்திருக்கிறது. அது கழலும்வரை லாக்கேஸால் எதுவும் செய்ய முடியாது. ஆய்வகங்களில் இதைக் கழற்ற ஹீலிக்ஸ் பொமேஷியா என்ற நத்தையிலிருந்து எடுத்த நொதிக் கலவையைப் பயன்படுத்துகிறோம். அதில் குளுக்குரோனிடேஸும் சல்பேட்டேஸும் சேர்ந்தே இருக்கும். முதலில் அதை ஓடவிட்டு, பின்னால் பிணைத்த லாக்கேஸை வைக்கும் இரண்டு கட்ட அமைப்பை நான் யாருடைய முதுநிலை ஆய்வேட்டிலும் இதுவரை படித்ததில்லை. உங்களுக்கு நேரமும் விருப்பமும் இருந்தால் அதை எடுங்கள். அசைடு போத்தலைத் தவிர வேறு எதைப் பற்றியும் நான் உங்களுக்காகப் பயப்படவில்லை.

காற்றூட்டுத்தொட்டி (பதில்)

சாணக்குழித் தெளிநீர் என்று பூஞ்சைவனம் சொன்னதை நானும் ஆதரிக்கிறேன். ஒரே எச்சரிக்கை: அந்த நீரில் ஆக்சிஜன் பூஜ்யம். லாக்கேஸுக்குக் காற்று வேண்டும். தொடங்கும் முன் கரைந்த ஆக்சிஜனை அளந்து, லிட்டருக்கு 2 மில்லிகிராமாவது நிற்கும்வரை காற்றூட்டிவிட்டு நொதியைப் போடுங்கள், தம்பி. நுரை பொங்கும், தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விடுங்கள்.